எண்பத்தைந்தில் ஒரு சம்பந்தம்

கம்ப்யூட்டர் நூறு என்றது. கலோரிமீட்டர் எழுபது என்றது. வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து நிபுணர் வருகிறார்.

இரண்டும் ஒத்துப்போனால்தான் பெரிய ஆய்வுக்கூடத்தில் கருவிக்கு இடம். இல்லாவிட்டால் பேராசிரியர் வெங்கடபதியின் மூன்று வருட உழைப்பு கோவைக் கல்லூரியின் ஸ்டோர் ரூமில் தூசி தின்னும்.

ஈயத் தகடும் பிளாஸ்டிக் பலகையும் மாற்றி மாற்றி அடுக்கிய பெட்டிதான் அந்தக் கலோரிமீட்டர். வானத்திலிருந்து விழும் துகள் ஈயத்தில் சிதறும், பிளாஸ்டிக் மினுங்கும். மினுங்கலை அளந்தால் ஆற்றல் தெரியும்; ஈயம் தடித்தால் மினுங்கல் குறையும். எவ்வளவு மினுங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போட்டுச் சொல்பவர் வெங்கடபதி. அளப்பவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி பத்மாவதி.

"கோளாறு என்னோட கருவியிலதான் இருக்குமுங்க சார்."

"அட, இல்லீங்க அம்மணி. என்னோட புரோகிராமுலதான் இருக்கும்."

இந்த மரியாதையிலேயே பொழுது சாய்ந்தது. அவள் போனதும், பாவம், பெண்ணின் மனம் நோகக்கூடாதென்று சிமுலேஷனைச் சத்தமில்லாமல் எழுபதுக்கு இறக்கிவைத்தார் வெங்கடபதி.

காலையில் வந்து பார்த்தால் கருவி நூறு காட்டியது.

"ஏனுங்க அம்மணி, என்ன செஞ்சீங்க?"

"நீங்க சொல்ற நம்பர் தப்பாகுமுங்களா சார்? வெள்ளென வந்து வோல்டேஜை ஏத்திப்போட்டேனுங்க."

"ஐயோ, நான் இறக்கிப்போட்டேனே!"

இருவருக்கும் வெட்கமாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் செய்ததை அவரவரே போய்ச் சரிசெய்தார்கள். மறுபடியும் நூறு, எழுபது.

வியாழன் சாயங்காலம் வெங்கடபதி கல்யாணப் பேச்சில் இறங்கினார்.

"நான் கொஞ்சம் இறங்கி வாரேன். நீங்க கொஞ்சம் ஏறி வாங்க."

எண்பத்தைந்தில் சம்பந்தம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை நிபுணர் இருவரின் கிராஃபையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இம்மியும் பிசகவில்லை.

"பிரமாதம்! கருவியைத் தேர்வு செய்தாச்சு. கொடுத்த வரைபடப்படியே இன்னும் நூறு பெட்டி வேணும். இதைச் செய்தது யாருங்க?"

வெங்கடபதிக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலோரம் நின்ற கோட்டைமேட்டுப் பட்டறைக்காரர் அப்துல் குத்தூஸைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்தார். குத்தூஸ் பாய்க்கும் பெருமை தாளவில்லை.

"வரைபடத்துல ஈயத் தகடு ரெண்டு எம்எம்னுதானுங்க போட்டிருந்தாங்க. நம்ம காலேஜு சமாச்சாரம், கஞ்சத்தனம் பண்ணக் கூடாதுன்னு நான் எல்லாத்தையும் மூணாப் போட்டுக் குடுத்தேனுங்க. அந்த நூறுக்கும் அப்படியேதானுங்களே?"