தெரிந்த மொழிகள்: மூன்று

நான் எழுதிய பொய்களிலேயே மிகச் சிறியது நான்கே எழுத்து. தெலுங்கு. எழுதிய இடம், என் கல்யாண பயோடேட்டா. "தெரிந்த மொழிகள்" என்ற இடத்தில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் நின்றபோது, வரி பாதியில் முடிந்து பார்க்க நன்றாக இல்லை. நிரப்பலாமே என்று ஒரு காற்புள்ளி போட்டேன். காற்புள்ளி போட்ட பிறகு சும்மா விட முடியுமா?

சென்னையில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடித்து, அதற்கு ஓர் எண் கொடுத்து, பட்டியலில் ஏற்றி, அவர்கள் முகம் வாடுவதைப் பார்ப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்டவள் சொந்த பயோடேட்டாவை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. பிறந்து வளர்ந்தது திருத்தணி. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. மீதிப் பேர் புரிந்ததுபோல் தலையாட்டுவோம். நான் நன்றாகத் தலையாட்டுவேன்.

அந்த பயோடேட்டா பெரம்பூருக்குப் போய், அங்கிருந்து சரவணன் என்ற வரன் வந்தது. மூன்று வாரம் போனில் பேசினோம். ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் தன் பைக்கையே நாற்பது நிமிடம் தேடியதை முதல் நாளே ஒப்புக்கொண்ட ஆள் அவர். எனக்குப் பிடித்துப்போயிற்று. (பிடிக்காமல் இருந்திருந்தால் நான் மாட்டு வண்டியில் ஏறியே இருக்க மாட்டேன்.)

முடிவு சொல்ல வேண்டியவர் அவருடைய அம்மா, வசந்தா டீச்சர். ஓய்வு பெற்றும் சிவப்புப் பேனாவைக் கைவிடாதவர். பெண் பார்க்க வீட்டுக்கு வர மறுத்துவிட்டார்.

"பஜ்ஜி தின்னுட்டு எழுந்து போனா பஜ்ஜியைப் பத்திதான் தெரியும், பொண்ணைப் பத்தி என்ன தெரியும்? ஒரு நாள் முழுக்க எங்கயாவது கூட இருக்கணும்."

என்னிடம் ஒரு நாளைக் கொடுத்தால் அதைப் பத்தாகப் பிரித்துவிடுவேன். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் வழியில், நகரத்து ஆட்கள் வந்து மண்ணில் கை வைத்துவிட்டுப் போவதற்கென்றே ஒரு பண்ணை வீடு இருந்தது. காலையில் பால் கறப்பது, பிறகு வேர்க்கடலை பிடுங்குவது, பிறகு மாட்டு வண்டி, கடைசியில் வாழையிலைச் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தேன். ஒவ்வொன்றிலும் என்ன தவறு நடக்கலாம் என்றும் எழுதினேன். பால் கறப்பதற்கு நேராக "உதை". மாட்டு வண்டிக்கு நேராக "ஒன்றுமில்லை". முந்தின நாள் எதற்கும் இருக்கட்டும் என்று பத்துத் தெலுங்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். எல்லாம் நலம் விசாரிப்பவை.

பால் நல்லபடியாகக் கழிந்தது. கடலைச் செடி பிடுங்கும்போதுதான் டீச்சர் பேச ஆரம்பித்தார்.

"போன வருஷம் ஒரு இடம் வந்துச்சு. தங்கமான பொண்ணு. படிப்பு முடிஞ்சிருச்சுன்னு போட்டிருந்தாங்க. விசாரிச்சா ரெண்டு பேப்பர் பாக்கி. பாக்கி இருந்தா என்ன, யாருக்குத்தான் இல்ல? மறைச்சாங்க பாரு, அதுதான். வேணாம்னுட்டேன்."

"சரிதான் ஆன்ட்டி" என்றேன். என் கையில் செடி மட்டும் வந்தது. கடலை மண்ணுக்குள்ளேயே இருந்துகொண்டது.

அவர் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார். உள்ளே, நாலாக மடித்த என் பயோடேட்டா தெரிந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனா.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். ஆனால் வெயில் சுள்ளென்று அடிக்க, சரவணன் நான்கு வரிசை தள்ளி நின்று என்னைப் பார்த்துச் சிரிக்க, சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று மனதுக்குள் ஒரு நேரம் குறித்துக்கொண்டேன்.

மாட்டு வண்டி தயாராக நின்றது. விருந்தினர் மகிழ்வதற்காக இரண்டு காளைகளின் கழுத்திலும் ஒரு கோயிலுக்குப் போதுமான மணிகள். ஓட்டுபவர் பெயர் முனிரத்தினம். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை.

"முட்டாதுல்லப்பா?" என்றார் டீச்சர்.

"இன்னாம்மா நீ, கொயந்தைங்கம்மா இதுங்க. நகரி பக்கத்துலேந்து புடிச்சாந்தது. ஒண்ணே ஒண்ணுதான், தமிழ்ல சொன்னா காதுலயே வாங்காது. தெலுங்குதான்."

டீச்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அட! நித்யாவுக்குத்தான் தெலுங்கு தெரியுமே. பயோடேட்டாவுல போட்டிருக்கு."

"ஆங்! அப்ப நீயே ஓட்டும்மா. நான் பக்கத்துல குந்திகினு வரேன்."

எனக்குத் தெலுங்கு தெரியாது என்று அந்தப் பண்ணையில் அறிந்தவர் ஒருவர்தான், எங்களோடு வந்திருந்த என் அப்பா. அவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். சரவணன் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார். நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன், டீச்சர் மட்டும் பின்னால் ஏறினார். பதற்றப்படாதவள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். உள்ளங்கை வேர்ப்பது யாருக்கும் தெரியாததால் கிடைத்த பெயர் அது.

பண்ணையின் மூங்கில் படல் வரைக்கும் முனிரத்தினமே நாக்கைச் சொடுக்கி ஓட்டினார். கயிறு மட்டும் என் கையில். படலைத் தாண்டியதும் இறங்கினார்.

"இரும்மா, படலைச் சாத்திட்டு வந்துடறேன். இல்லாங்காட்டி ஆடு பூந்துடும்."

வண்டி நின்றது. பின்னால் டீச்சர் வண்டியோர முளைக்குச்சியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சும்மா நிக்கிறதுக்கா வந்தோம்? ரெண்டு வார்த்தை பேசேன், கேக்கலாம்."

என் பத்து வாக்கியங்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. எதுவும் மாட்டுக்கானது அல்ல. வேறு வழியில்லாமல், இடது பக்கத்துக் காளையிடம் "பாகுன்னாரா?" என்று கேட்டேன். நலமா என்று. (மரியாதைப் பன்மையில்.) அது வாலை ஆட்டி ஓர் ஈயை விரட்டியது.

"என்ன கேட்ட?"

"சும்மா... பழக்கம் பண்ணிக்கிறேன் ஆன்ட்டி."

அப்போதுதான் திருப்பதி பேருந்து நடத்துநர் நினைவுக்கு வந்தார். ஆள் ஏறியதும் படிக்கட்டைத் தட்டி ஒரு சொல் சொல்வாரே! "போனீ!" என்றேன் கம்பீரமாக.

வண்டி புறப்பட்டது.

"பரவாயில்லையே!" என்றார் டீச்சர். அந்தச் சொல்லின் இனிமையை இரண்டு விநாடி அனுபவித்தேன். மூன்றாவது விநாடியில், முனிரத்தினம் இன்னும் ஏறவில்லை என்பது உறைத்தது.

தொடங்கத் தெரிந்து நிறுத்தத் தெரியாததைப் பற்றி எங்கள் தொழிலில் நிறைய எழுதியிருக்கிறோம். எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். இறக்கத்தில் காளைகள் ஓட ஆரம்பித்தன. கயிற்றை இழுத்தேன். வேர்த்த கையிலிருந்து அது வழுக்கிக்கொண்டு முன்னால் விழுந்தது. டீச்சரின் கண்ணாடி மூக்கிலிருந்து காதில் தொங்கியது.

"நித்யா! நிறுத்தச் சொல்லு!"

"நில்லு!" என்று கத்தினேன்.

இரண்டு காளைகளும் ஒரே சமயத்தில் காதை உயர்த்தின. கேட்டுவிட்டன! பாதையை விட்டு அப்படியே இடது பக்கம் திரும்பின. அந்தப் பக்கம், மழைக்குப் பிறகு நிறைந்து கிடந்த ஏரி.

"நில்லு! நீ...ல்லு!"

கத்தக் கத்த வேகம் கூடியது. பின்னால் வெகு தூரத்தில் முனிரத்தினம் துண்டை வீசிக்கொண்டு ஓடி வந்தார். காற்றில் ஒரே சொல் வந்தது: "ஆகு! ஆகு!" மணிச் சத்தத்தில் அது மாடுகளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஆகும், ஆகும், விடாதே என்று உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, முன்பைவிட நம்பிக்கையோடு "நில்லு!" என்றேன்.

கரையில் ஒரு குலுக்கல். சரிவில் ஒரு குலுக்கல். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் கிழியும் ஓசை. பலகைக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர் ஏறியபோது காளைகள் தாமாகவே நின்றன. குனிந்து, நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தன.



"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார் டீச்சர்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லி, குதித்துவிட்டேன். இடுப்பளவுதான் இருந்தது. மிதந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றேன். பட்டுப்புடவை ஒரு பக்கம் குடையாக விரிந்து மிதந்தது. "பிடிச்சிருக்கேன். இனிமே நகராது. பயப்படாதீங்க."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"அதுங்ககிட்ட என்ன சொன்ன?"

"நில்லுன்னு சொன்னேன்."

"அது தமிழாச்சே."

காளை ஒன்று பெருமூச்சு விட்டது.

"தெலுங்குல என்ன?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. பதற்றத்தில் மறந்துவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பார். பின்னாலேயே ஓடி வந்த சரவணன் கரையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், தண்ணீரில் இறங்க. என் மூன்று வாரமும் அந்தக் கரையில் நின்றது.

"தெரியாது அத்தை. எனக்குத் தெலுங்கே தெரியாது. வரி பாதியில நின்னுச்சு, அதான் எழுதிட்டேன்." அத்தை என்று எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் கைப்பையைத் திறந்தார். பயோடேட்டாவை எடுத்து மடியில் விரித்தார். பேனாவின் மூடியை வாயால் கழற்றி, ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டின் சத்தம் எனக்குத் தண்ணீருக்குள் நின்றபடியே கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

"வேற?"

"என்ன அத்தை?"

"வேற என்னென்ன தப்பு? ஒவ்வொண்ணா சொல்லு."

"உயரம்... ஒரு அங்குலம் கூட."

கோடு.

"பொழுதுபோக்கு சமையல்னு இருக்கு. சமையல் வரும். பொழுது போகாது."

கோடு.

"இதுல நீச்சலே இல்லையே?"

"போட மறந்துட்டேன்."

"இல்லாததைப் போடுவ, இருக்கிறதை விட்டுடுவ" என்று சொல்லி, ஓரத்தில் நீச்சல் என்று எழுதினார். "திருத்தணிக்காரிக்கு எவ்ளோ திருத்தம்!"

அதற்குள் முனிரத்தினம் இடுப்பளவு நனைந்து வந்து சேர்ந்தார். பயத்தில் வந்த கோபம் பாதி, சிரிப்பு பாதி.

"இன்னாம்மா நீ! நான் ஆகு ஆகுன்னு கத்திகினு ஓடியாறேன், ஆகுன்னாதான் அது நிக்கும். நீ பாட்டுக்கு நீள்ளு நீள்ளுன்னு சொல்லிகினே போற! நீள்ளுன்னா தண்ணிம்மா. தெனம் சாயங்காலம் அதைச் சொல்லித்தான் ஏரிக்கு ஓட்டியாறேன். நீ சொன்னதைத்தான் அதுங்க செஞ்சுது."

டீச்சர் முளைக்குச்சியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அழுகிறார் என்று பயந்தேன். தோள் குலுங்கிய விதத்தில்தான் சிரிப்பு என்று தெரிந்தது.

"பொய் சொல்லி மாட்டிக்கிட்ட பிள்ளைங்களை முப்பது வருஷமா பார்த்திருக்கேன்டி. மாட்டுகிட்டயே மாட்டிக்கிட்டவ நீ ஒருத்திதான்."

சரவணன் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார், வழக்கம்போல் தவறான திசையில், ஆகாயத்தாமரைக்குள்.

அந்த மாலை திருத்தணி பேருந்து நிலையத்தில் விடைபெறும்போது, "முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்க" என்று அத்தை என் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அப்போதுதான் வானத்திலிருந்து கண்ணை இறக்கினார்.

கல்யாணத்தன்று புகைப்படக்காரர் "பொண்ணு கொஞ்சம் நில்லுங்க" என்றதும், மாப்பிள்ளை வீட்டு வரிசையிலிருந்து ஏழு தண்ணீர் பாட்டில்கள் மேடைக்கு வந்தன. இன்றும் பெரம்பூர் வீட்டில் சாப்பிடும்போது யாருக்காவது விக்கினால் "நில்லு, நில்லு" என்றுதான் செம்பை நீட்டுகிறார்கள். புதிதாக வரும் விருந்தினர் எழுந்து நின்றுவிடுகிறார்கள். நான் பட்டியல் போட்டு எல்லாரையும் விரட்ட ஆரம்பித்தால், அத்தை செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ஒரே ஒரு சொல் சொல்கிறார்: "ஆகு." நின்றுவிடுகிறேன்.

ஏரித் தண்ணீர் பட்டு மை கலங்கிய அந்த பயோடேட்டா, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. "தெலுங்கு" மேல் அன்று கிழித்த கோடு அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், சட்டம் போடும் முன் அத்தை சேர்த்த சிவப்பு எழுத்து: "இரண்டு சொல் மட்டும். செய்முறைத் தேர்வில் தேர்ச்சி."