பெற்றோல் குடிக்காத கார்

எழுபத்துநாலாம் ஆண்டு பெற்றோல் விலை ஏறிய வேகத்தில், தீவுப்பகுதி வாடகைக் கார்க்காரர் எல்லோரும் திடீர்ப் பக்திமான்களானோம். அந்த நேரம் பார்த்துத்தான் சோமாஸ்கந்தன் வேலணைச் சந்தியில் வந்து இறங்கினார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் கால்சட்டை. மேலே சித்தர், கீழே விஞ்ஞானி.

"இது காந்தக் காப்பு. பெற்றோல் குழாயிலை கட்டினால், நாலு கலன் குடிக்கிற கார் மூண்டோடை நிக்கும். பாதி ஜேர்மன்காரன் கண்டுபிடிச்சது, மிச்சம் எங்கடை சித்தர் சொன்னது!"

விரல் நீளப் பித்தளைக் குழாய். சிவப்புத் துணியால் சுற்றி நூலால் கட்டியிருந்தது. துணியை அவிழ்க்கக் கூடாது, இருபது மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது, நின்றால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். மீறினால் காந்தம் பறந்துவிடுமாம்.

முதலில் வாங்கியது யார்? தம்பிராசா ஆகிய நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தவன். என் ஒஸ்ரின் காரில் அதைக் கட்டி, சந்தனப் பொட்டும் வைத்தேன். கற்பூரம் காட்டவில்லை. பெற்றோலுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்கிற அளவுக்கு அறிவு மிஞ்சியிருந்தது.

பெற்றோலும் மிஞ்சியது! அதுதான் வினை. சந்திக்குச் சந்தி நின்று சொன்னேன். என் சொல்லை நம்பி இருபத்தாறு பேர் வாங்கினார்கள்.

ஒரு மத்தியானம் மண்கும்பானில் யோகம்மாவுக்குப் பிரசவ வலி. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு என் காரில் ஏற்றினார்கள். மருத்துவிச்சி மாக்கிறேற்றும் கூட வந்தார்.

"அண்ணை, கெதியாய் விடுங்கோ!"

"இருபதுக்கு மேலை ஏலாது அக்கா. காந்தம் போயிடும்."

"பிள்ளை வரப்போகுது, நீங்கள் காந்தத்தைப் பாக்கிறியளோ?"

சைக்கிளில் வந்த ஒருவர் எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார். சரவணை தாண்டுமுன் பின் ஆசனத்திலேயே பெண்குழந்தை பிறந்தது. அழவில்லை. மாக்கிறேற் முதுகில் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிறகுதான் குழந்தை வீரிட்டது. அப்போதும் நான் இருபதைத் தாண்டவில்லை என்று எழுத வெட்கமாயிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் உள்ளே விட்டபின் நான் தேநீர் குடிக்கப் போனேன். மாக்கிறேற் வரவில்லை. காரடியில் நின்றார்.

மூன்று கிழமை கழித்து, புதிய சரக்கோடு சோமாஸ்கந்தன் சந்திக்கு வந்தார். திருவிழாக் கூட்டம். என்னை ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்.

"இந்தக் கிழமையும் மூண்டு கலன்தான்!" என்று முழங்கினேன். கைதட்டல்.

"அண்ணை, அந்தத் துணியை ஒருக்கால் அவிழுங்கோ." கூட்டத்துக்குள் மாக்கிறேற்.

"அவிழ்க்கக் கூடாது!" என்று பாய்ந்தார் சோமாஸ்கந்தன்.

"நான் மூண்டு கிழமைக்கு முந்தியே அவிழ்த்தனான்."

என் காரின் பொனற்றைத் திறந்து கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். துணிக்குள்ளிருந்து விழுந்தது காய்ந்துபோன பனங்கிழங்குத் துண்டு.

"ஆஸ்பத்திரி வாசலிலை வைச்சு மாத்தினனான். இவ்வளவு நாளும் இவருக்குப் பெற்றோல் மிச்சம் பிடிச்சது இந்தக் கிழங்குதான்!"

பிறகு தன் பையிலிருந்த பித்தளைக் குழாயை உள்ளங்கையில் தட்டினார். கடற்கரை மணல் கொட்டியது. நாங்கள் தினமும் காலில் மிதிக்கும் சாமான்.

"அப்ப எப்பிடி மிஞ்சினது?" இதைக் கேட்ட அறிவாளியும் நானேதான்.

"மெதுவாய்ப் போய், நிண்ட இடத்திலை எஞ்சினை நிப்பாட்டினால் மிஞ்சும்தானே. அதுக்கேன் குழாய்?"

சோமாஸ்கந்தன் விடவில்லை. "காந்தம் ஒருக்கால் ஏறினால் வண்டியிலை தங்கிவிடும்."

"அப்ப ஊருக்கு ஒண்டு காணும், மாத்தி மாத்திக் கட்டுவம்," என்றார் இன்னொரு கார்க்காரரான ஆழ்வாப்பிள்ளை. "மற்றதுகளின்ரை காசைத் தாரும் ஐசே!"

காசுப்பை வெறுமையாகும்வரை சோமாஸ்கந்தனை ஒருவரும் விடவில்லை.

பின்னேரம் யோகம்மா வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றேன். "பிள்ளை சுகமாய் இருக்குத்தானே அண்ணை, இருங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டாள். ஏசியிருந்தால் இவ்வளவு சுட்டிராது.

மறுநாள் விடியச் சுருவில் ஊரிலிருந்து ஒரு கார்க்காரர் தேடி வந்து, என் காதோடு கேட்டார்: "தம்பிராசா, அந்தக் கிழங்கு அவிச்சதோ, பச்சையோ?"

"அவிச்சது அண்ணை. ஆனால் அதைவிட நல்ல சாமான் ஒண்டு கழுத்துக்கு மேலை இருக்கு. ஒருக்கால் ஓட்டிப் பாருங்கோ, பெற்றோலே தேவையில்லை. நானும் நேற்றுத்தான் ஸ்ராட் பண்ணினனான்."