ராஜ்மோகன் மீசையும் ஒரு மிருகமும்

"மீசையையா பந்தயம் வெச்சீங்க? அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம்ங்க!" என்றாள் மனைவி எழில்மதி.

ராஜ்மோகன் மீசையைத் தடவிக்கொண்டார். நெய்வேலி சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினுக்கு அவர் ஆபரேட்டர். ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் ஃபேண்டஸி நாவல்தான். அதுவும் பழைய மேதைகள் எழுதியது மட்டும். அவர்கள் பிளாக்கில் வாசகர் வட்டம் நடத்தும் இளவேனிலோ புதியவர்கள் கட்சி.

முந்தின நாள் கூட்டத்தில் பேச்சு முற்றிவிட்டது.

"உங்க மேதைங்க ஒரு காட்டைத் தாண்டவே நூறு பக்கம் எடுத்துக்கறாங்க சார்," என்றாள் இளவேனில்.

"உங்க ஆளுங்க பத்தாவது பக்கத்துக்குள்ள நாலு பேரைக் கொன்னுடறாங்க. யாருக்கு அழறதுன்னே தெரியல!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனுக்கு வாய் சும்மா இருந்தால்தானே! "வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல, பேரை மறைச்சு எந்தப் பக்கத்தை வேணா படிங்க. பழசா புதுசான்னு சொல்றேன். தப்பாச் சொன்னா மீசையை எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மீசையை விரலால் மறைத்துக் கண்ணாடியில் பார்த்தார். மீசையில்லாமல் சம்பந்தி முன்னால் எப்படி நிற்பது?

புதியவர்களையும் படித்துப் பார்ப்போம் என்று ஒரு தொடரின் முதல் பாகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலேயே ஒரு தேசப்படம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், அதில் தலைநகரத்தைத் தேடித் தேடியே தூங்கிப்போனார்.

அடுத்த யோசனை, கூட்டத்துக்கே போகாமல் இருப்பது. கூட வேலை செய்யும் ராயப்பனிடம் கெஞ்சி அவனுடைய ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டை வாங்கிக்கொண்டார். லீவு கிடைத்த ராயப்பன் நேராக வாசகர் வட்டத்துக்குப் போனான்.

மறுநாள் காலை ஆசையாக ஓடி வந்தான். "அண்ணே, நீங்க டூட்டியில கீறீங்கன்னு சொன்னேன். உங்களுக்காவ கூட்டத்த இன்னிக்கி சாய்ங்காலத்துக்கு மாத்திட்டாங்க. நம்ம சுரங்கத்து ஆளுங்க எல்லாரும் வராங்கண்ணே!"

மாலையில் ஹால் நிரம்பி வழிந்தது. இளவேனில் ஒரு தாளைப் பிரித்து வாசித்தாள்.

"அந்த மிருகத்துக்கு உறக்கமில்லை. வாய் ஒன்றல்ல, வட்டமாய்ச் சுழலும் பல வாய்கள். இரவும் பகலும் மண்ணைத் தின்னும். தின்றதை விழுங்காமல், ஊர் தாண்டி நீளும் நாக்கின் மேல் அனுப்பிவிடும். அதை அடக்கி ஆள்பவன் அதன் நெற்றியில் உட்கார்ந்திருக்கிறான்."

ராஜ்மோகனுக்குப் புல்லரித்தது. துள்ளி எழுந்தார்.

"பழைய மேதை! சந்தேகமே இல்ல! இப்ப எழுதறவங்களுக்கு இந்தக் கற்பனை வருமா? இங்க இருக்கறவங்க யாராவது இப்படி ஒரு மிருகத்தைக் கனவுலயாவது பாத்திருக்கீங்களா?"

சுரங்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராயப்பன் மட்டும் கை தட்டினான்.

"தப்பு சார்," என்றாள் இளவேனில். "நேத்து எழுதினது. எழுதினவங்க கடைசி வரிசையில இருக்காங்க."

கடைசி வரிசையில் எழுந்து நின்றது எழில்மதி. முகம் அழுவதுபோல் இருந்தது.

"நீயா! இப்படி ஒரு மிருகத்தை எங்க பாத்த?"

"உங்க மீசையக் காப்பாத்தலாம்னுதாங்க, நீங்க தினம் பாக்கறதையே எழுதிக் குடுத்தேன். ஆயுத பூஜைக்கு எங்களக் கூட்டிக்கினு போயி, பொட்டு வெச்சு மாலை போட்டுக் காட்டுனீங்களே, அது உங்க மெஷினுங்க!"