சிறுத்தைக்கு விடியாத புதன்

ஒரு காட்டில் நாற்பத்தொரு நாளாகச் செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது.

மற்ற மிருகங்களுக்கு அதில் ஒரு தொந்தரவும் இல்லை. சிறுத்தை செங்கோடனுக்கு மட்டும்தான் உயிர் போனது. அந்தக் காட்டுச் சட்டப்படி செவ்வாயன்று யாரும் யாரையும் தின்னக் கூடாது, விரத நாள். மீறினால் மலைக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவார்கள். அந்தப் பக்கம் ஒரு புலி இருந்தது. அது கிழமை பார்க்காது.

முன்பெல்லாம் இன்றைக்கு என்ன கிழமை என்பதிலேயே வாரம் இரண்டு தகராறு வரும். மான்கள் செவ்வாய் என்னும், சிறுத்தை புதன் என்னும். பஞ்சாயத்து கூடித் தீர்ப்பு வருவதற்குள் மான்களில் ஒன்று குறைந்திருக்கும். அலுத்துப்போன தலைவி யானை, மனிதர்கள் கைவிட்டுப் போன கொட்டகையில் கிடந்த பழைய வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூசி தட்டி நிமிர்த்தி வைத்து, திரையின் மூலையில் அது காட்டும் கிழமைதான் இனிக் கிழமை என்று சொல்லிவிட்டது. கூரைமேல் ஒரு சோலார் தகடு இருந்தது. வெயில் ஏறினால் கம்ப்யூட்டர் விழிக்கும், வெயில் இறங்கினால் அணைந்துவிடும். அதை இயக்கவும் மனு வாங்கவும் மிளா மான் மரகதத்தை வேலைக்கு வைத்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு முதலில் கைதட்டியது செங்கோடன்தான். மிஷின் பொய் சொல்லாது, மான்தான் சொல்லும் என்று அது நம்பியது.

அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அது வாயில் இறைச்சி பட்டதே இல்லை. அத்திப்பழம் தின்றது, தேன் நக்கியது, பலாச்சுளையைக் கொட்டையோடு விழுங்கி அவதிப்பட்டது. நாற்பதாம் நாள் விலா எலும்பு தெரிய யானையிடம் போய், மிஷினில் ஏதோ கோளாறு இருக்கிறது, தயவுசெய்து ஆளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று வாய்மொழியாக முறையிட்டது. யானை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து முள்ளம்பன்றி அங்கம்மாவை வரவழைத்தது.

அங்கம்மா கைபட்டுத் தேறாத சாமான் இல்லை என்று பெயர். ரேடியோ, டார்ச், குரங்குகள் எங்கிருந்தோ தூக்கி வந்த சுவர்க்கடிகாரம், எல்லாம் அவளிடம் வந்து உயிர் பெற்றுப் போயிருக்கின்றன. பார்த்த வேலையை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எதிரே 'தீர்ந்தது' என்று குறித்து வைப்பாள். அந்த நோட்டில் வேறு சொல்லே கிடையாது. அதில் அவளுக்கு உள்ளூரக் கர்வம் உண்டு.

பகலில் தூங்குகிற சாதி என்பதால் முதல் நாள் மதியம்தான் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். திரையில் படம் உருண்டுகொண்டே இருந்தது. பெட்டியின் இடப்பக்கம் ஓங்கி ஒரு அறை விட்டாள், நின்றது. வலப்பக்கம் அறைந்தால் மறுபடி உருண்டது. கீபோர்டில் பாதி பொத்தான்கள் அமுங்கின, எழவில்லை. ஒரு முள்ளைப் பிடுங்கி உள்ளே விட்டுத் துழாவினாள். எறும்புப் புற்று வந்தது. கிழமை மட்டும் அசையவில்லை.

இரண்டாம் நாள் மிஷினுக்குள் செருகியிருந்த ஃபிளாப்பித் தட்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த பலாப்பாலை எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அமுக்கினால் மிஷின் உறைந்துபோவதையும், திரையில் பன்னிரண்டாவது வரியை அழித்தால் பதின்மூன்றாவது வரியும் கூடவே சாவதையும் கண்டுபிடித்தாள். இந்த மிஷினுக்கு இருந்த கிறுக்குகளுக்கு அளவில்லை. ஆனால் செவ்வாய் செவ்வாயாகவே இருந்தது. செங்கோடன் வாசலில் உட்கார்ந்து, தொந்தரவு செய்யாமல், அவ்வப்போது எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அங்கம்மா தூக்கத்தைத் தியாகம் செய்து, வெயில் ஏறுமுன்பே வந்து உட்கார்ந்தாள். தகட்டில் வெளிச்சம் பட்டது. மிஷின் முனகி எழுந்து, திரையில் ஒற்றை வரி காட்டியது: இன்று என்ன தேதி?

மரகதம் யோசிக்கவே இல்லை. குளம்பால் எண்டரைத் தட்டினாள். பதில் கிடைக்காத மிஷின் தான் பிறந்த தேதியைத் தானே போட்டுக்கொண்டது. அது ஒரு செவ்வாய்க்கிழமை.

அங்கம்மாவுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. ராத்திரி அணைந்தால் இதற்கு எல்லாம் மறந்துவிடுகிறது. காலையில் யாராவது தேதி சொன்னால்தானே தெரியும்? நிலாக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அன்று சனிக்கிழமை. மிஷினை அணைத்து எழுப்பித் தேதியை அடித்தால் முடிந்தது. சுவிட்சுக்குக் கை நீட்டினாள்.

மரகதம் குளம்பை அந்தக் கைமேல் மெதுவாக வைத்தாள்.

"அக்கா, அந்தக் கேள்வி எனக்கு முதல் நாளே தெரியும்."

அங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். தெரிஞ்சுதான் தினம் எண்டர் தட்டுறேன். என் மூத்தது ஒரு புதன்கிழமை போச்சு. இப்ப வயித்துல ஒண்ணு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை. குளம்பையும் எடுத்துக்கொண்டாள்.

அங்கம்மாவுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. இவள் குட்டி போட்டால் எனக்கென்ன, நான் வந்தது மிஷினைப் பார்க்க என்று நினைத்தாள். கண்டுபிடித்த பழுதைக் கண்முன்னே விட்டுவிட்டுப் போவது அவளுக்கு வாழைப்பழத்தை உரித்து வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பதுபோல இருந்தது. சுவிட்சைப் பார்த்தாள். மரகதத்தின் வயிற்றைப் பார்த்தாள். அது ஒருதரம் உள்ளிருந்து அசைந்தது. அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

"ஏதாவது புலப்பட்டதா, அம்மா?" என்று கேட்டது செங்கோடன்.

"கிடைச்சிருச்சுங்க" என்றாள் அங்கம்மா. "உள்ளே ஒரு பேட்டரி இருக்கணும். இல்லை. அது வந்தாத்தான் இதுக்குக் கிழமை ஞாபகம் நிக்கும். டவுன்லேர்ந்து தருவிக்க நீங்கதான் மனுப் போடணும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

செங்கோடனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தன் பேச்சை ஒருவர் காதில் வாங்கிக் கோளாறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதே அதற்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி. காகிதம் வாங்கி, மூன்று படி எழுதி, ஒவ்வொன்றிலும் பாதத்தை மையில் தோய்த்து ஒற்றி, மரகதத்திடம் நீட்டியது.

மரகதம் வாங்கவில்லை. திரையின் மூலையைக் காட்டினாள்.

"இன்னைக்குச் செவ்வாய்ங்க ஐயா. செவ்வாய்க்கிழமை புது மனு வாங்குறதில்லை. நாளைக்குக் கொண்டாங்க."

செங்கோடன் திரையைப் பார்த்தது. நியாயம்தான் என்று தலையாட்டியது. காகிதங்கள் கசங்காமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பலாமரத்தைப் பார்த்து நடந்தது.

அங்கம்மா ஆற்றைக் கடந்து வீடு திரும்பி நோட்டைத் திறந்தாள். 'தீர்ந்தது' என்று எழுதக் கை வரவில்லை. தீரவில்லை என்று எழுதவும் மனம் வரவில்லை. கடைசியில் 'பெரும்பாலோர்க்குத் திருப்தி' என்று எழுதி மூடி வைத்தாள்.

மழைக்காலத்தில் மரகதம் ஒரு பெண்குட்டி ஈன்றாள். காட்டிலேயே ஒழுங்கான மிஷின் இதுதான், வந்த ஒரே புகாரையும் கேட்டு நடவடிக்கை எடுத்தாயிற்று என்று யானை பஞ்சாயத்தில் பெருமையாகச் சொன்னது. செங்கோடன் இன்றும் தினம் காலையில் மனுவோடு வந்து வரிசையில் நிற்கிறது. வரிசையில் அது மட்டும்தான்.

நீதி: பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது, காரணம் கிரகம் அல்ல, எண்டர் தட்டுகிற ஆள்.