மாமனார் வண்டியில் ஒரு விரிசல்

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பார்த்தா பயந்துருவீங்க," என்றார் மெக்கானிக், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி.

மாப்பிள்ளை தள்ளி நின்றார். பயம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

"ஹேண்டில் வந்து சேர்ற இடம் இருக்கில்ல, அதுக்குக் கீழ ஃப்ரேம் விட்டிருக்கு. முக்கால் வட்டம் விரிசல்."

"ஒரே ஒரு வேகத்தடையிலதாங்க ஏத்தினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

வண்டி அவருடையதாக இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அது மாமனாருடைய வண்டி. மண்ணிலும் மேட்டிலும் தாவுவதற்கென்றே செய்த உயரமான டர்ட் பைக். அதற்கு விளக்கு, ஹாரன், நம்பர் பலகை எல்லாம் மாட்டி, சாலையிலும் ஓட்டலாம் என்று முறைப்படி பதிவு செய்து வைத்திருந்தார் மனிதர்.

கல்யாணமாகி நான்கு மாதத்தில் மாமனார் இவரிடம் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். அப்படிப்பட்டவர், மூத்த மகள் வீட்டுக்கு ஆறு வாரம் போய்வரக் கிளம்பும்போது, வண்டிச் சாவியைத் தானாகவே நீட்டினார்.

"சும்மா நிக்கக் கூடாது மாப்பிள்ளை. நீங்கதான் ஓட்டிப் பார்த்துக்கணும்."

மனைவியால் நம்பவே முடியவில்லை. "அந்த வண்டியைத் துடைச்சது போக மீதி நேரத்துலதாங்க எங்கப்பா எங்களை வளர்த்தாரு. எனக்கே ஒரு நாள் தந்ததில்லை!"

போதாததற்கு, சீட்டுக்கு அடியில் ஒரு கடிதம் வேறு. 'என் இளைய மகளின் கணவரான இவருக்கு, மேற்படி வண்டி தொடர்பான எல்லாக் காரியங்களையும் என் சார்பில் செய்ய முழு அதிகாரம் அளிக்கிறேன்.' கீழே கையெழுத்து. வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு என்று சொல்லியிருந்தார். பெற்ற அப்பாகூட மாப்பிள்ளையை இவ்வளவு நம்பியதில்லை.

அந்த நம்பிக்கை கைக்கு வந்து முழுசாக நான்கு நாள்கூட ஆகவில்லை.

"வெல்டு வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"வைக்கலாம். ஒரு நாள் ஹேண்டில் உங்க கையில இருக்கும், முன்சக்கரம் மட்டும் உங்களுக்கு முன்னாடி வீடு போய்ச் சேர்ந்துரும். ஃப்ரேமைத்தான் மாத்தணும்." மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஃப்ரேம்ல அடிச்சிருக்கிற நம்பர்தான் சார் வண்டி. மத்ததெல்லாம் அதுல மாட்டின சாமான். நம்பர் மாறினா சட்டப்படி ஆயிரம் வேலை. அதே நம்பரைப் புது ஃப்ரேம்ல அடிச்சுத் தர்ற ஆள் ஒருத்தர் இருக்காரு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"அது குற்றமாச்சேங்க!"

"குற்றம்தான். ஆனா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

மாப்பிள்ளை சட்டப்படி போவதென்று முடிவு செய்தார். துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனியில் புகார்ப் பிரிவு அவருக்கு. காலையிலிருந்து மாலை வரை ஊரார் திட்டுவதைக் கேட்டு, ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று சொல்லி ஃபோனை வைப்பவர். வாகனப் பதிவு அலுவலகம் தன்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தார். பாவம்.

மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாள் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"புது ஃப்ரேமோட நம்பர் எங்கே?"

"இன்னும் வாங்கலை மேடம். அனுமதி கிடைச்சாத்தானே வாங்க முடியும்?"

"நம்பர் இல்லாம எதுக்கு அனுமதி தர்றது? அடுத்தவங்க வாங்க."

வண்டிக் கம்பெனிக்குப் போனார். அங்கே இருந்தவர் டை கட்டியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். "அனுமதிக் கடிதம் இல்லாம ஃப்ரேம் விற்க மாட்டோம் சார். திருட்டு வண்டிக்குப் போயிடும்."

பதினோரு நாள் இந்த ஜன்னலுக்கும் அந்த டைக்கும் நடுவே பந்தாக உருண்டார். பன்னிரண்டாம் நாள் கம்பெனி இறங்கி வந்து, இந்த நம்பருள்ள ஃப்ரேமை இவருக்காக எடுத்து வைத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தது. மூன்றாம் ஜன்னல் அதைப் படித்துவிட்டு முதல்முறையாகத் தலையாட்டியது.

"சரி. பழைய ஃப்ரேமை வெட்டி, நம்பர் இருக்கிற துண்டை ஒப்படைக்கணும்."

இவ்வளவுதானே! மறுநாளே வெட்டி, துண்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தார். அம்மாள் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யாரு வெட்டச் சொன்னா?"

"நீங்கதான் மேடம்..."

"வெட்டணும்னு சொன்னேன். இப்பவே வெட்டுங்கன்னு சொன்னேனா? ஆய்வாளர் முழுசாப் பார்த்து, விரிசல் இருக்குன்னு எழுதினதுக்கு அப்புறம்தான் வெட்டணும்."

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"முழுசாக் கொண்டு வாங்க."

மெக்கானிக் முதலில் இதை நம்பவில்லை. "வெட்டறதுக்காக ஒட்டச் சொல்றீங்களா சார்?"

"ஆமாங்க."

"ஒட்டினதை மறுபடி வெட்டணும்?"

"ஆமாங்க."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நம்பர் அடிச்சுத் தர்ற அந்த ஆளு இன்னும் இங்கதான் சார் இருக்காரு," என்றார்.

ஒட்டிய ஃப்ரேமை ஆய்வாளர் முன்னால் வைத்தார்கள். அவர் சின்னச் சுத்தியலால் தட்டினார், டார்ச் அடித்தார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"விரிசல் எங்கேய்யா?"

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். விரிசலைக் காணவில்லை. திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார்.

"வெல்டு வச்ச கையோட அதையும் அடைச்சிட்டேன் சார்," என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்படியே விட மனசு கேக்கலை."

"விரிசல்னு மனு கொடுத்திருக்கீங்க. விரிசல் இல்லை. மனு தள்ளுபடி," என்றார் ஆய்வாளர். அடுத்த வரியையும் அவரே எழுதினார். "ஆனா அனுமதியில்லாம ஃப்ரேம்ல வெல்டிங் பண்ணியிருக்கீங்க. இது ஆபத்து. உடனே வெட்டி எறியணும். அதுக்கு வேற மனு கொடுங்க."

வேறு மனு கொடுத்தார். வெட்டினார்கள். துண்டை ஒப்படைத்தார். அதற்குள் ஐந்தாவது வாரம் ஓடிவிட்டது. மாமனார் வர இன்னும் ஏழே நாள். மாப்பிள்ளை இரண்டு சுற்று இளைத்திருந்தார். மனைவி, "பேசாம அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிருங்களேன்," என்றாள்.

"சாவியைக் கையில கொடுத்தாரும்மா. உங்க வீட்டுல என்னை மனுஷனா மதிச்சுக் கொடுத்த முதல் பொருள். நாலு நாள்ல உடைச்சிட்டேன்னு எந்த வாயால சொல்வேன்?"

மறுநாள் அலுவலகத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது மாமனாரே கூப்பிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, எல்லாம் நல்லபடியாப் போகுதா?"

"போகுது மாமா. வண்டி ஜம்முன்னு இருக்கு."

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது: 'டோக்கன் எண் நாற்பத்தேழு, மூன்றாம் ஜன்னல்.' மாப்பிள்ளை ஃபோனைப் பொத்திக்கொண்டார். மறுபக்கம் மாமனார் லேசாகச் செருமினார்.

"எதையும் அவசரப்படாம நிதானமாச் செய்யுங்க," என்றார் மாமனார். "நான் இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டு வர்றேன். பேரன் விடமாட்டேங்கிறான்."

மாப்பிள்ளைக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அந்தச் சின்னப் பயலை மனசார வாழ்த்தினார்.

புது ஃப்ரேம் வந்தது. கறுப்பு. பதிவுப் புத்தகத்திலோ பச்சை என்று இருந்தது.

"நிறம் மாறினா அதுக்குத் தனி மனு," என்றது மூன்றாம் ஜன்னல்.

இன்னொரு மனுவா? பெயின்டரிடம் ஓடிப்போய், பச்சை அடித்துவிடச் சொன்னார். பெயின்டர் நல்ல தொழில்காரர். மூன்று பூச்சு பூசி, கண்ணாடிபோல் வழவழப்பாக்கிக் கொடுத்தார். மற்ற சாமான் எல்லாவற்றையும் அதில் மாட்டி, வண்டியை ஒரு சின்ன லாரியில் ஏற்றி, ஆய்வாளர் முன்னால் இறக்கினார்கள்.

"ஃப்ரேம் நம்பர் எங்கேய்யா?"

மூன்று பூச்சுக்கு அடியில் இருந்தது. மாப்பிள்ளை விரலால் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து உப்புத்தாள் எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்ப்பதற்குள் ஆய்வாளர் பதறிப்போய்க் கையைப் பிடித்துவிட்டார்.

"நம்பர் இருக்கிற இடத்துல உப்புத்தாளா? திருடன்தான்யா இதைச் செய்வான்! நிபுணர் வந்து பார்த்துச் சான்று கொடுக்கிற வரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும்."

மாப்பிள்ளை வெளியே வந்தார். அலுவலகத்தின் பின்பக்கம், பழைய நம்பர் பலகைகளைக் குவித்து வைத்திருந்த இடத்தில் யாரும் இல்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, பத்து வருடமாக ஃபோனில் கேட்டு மனப்பாடமாகியிருந்த அத்தனை திட்டையும், வாடிக்கையாளர் திட்டிய வரிசை மாறாமல், ஒன்று விடாமல் சொன்னார். எல்லாம் தீர்ந்ததும், பழக்கதோஷத்தில், "உங்கள் பொறுமைக்கு நன்றி," என்று அந்தச் சுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் நிபுணருக்கான படிவத்தை வாங்கினார்.

நிபுணர் வந்தார். ஒரு திரவத்தைத் தடவினார், பெயின்ட் போய் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. திருட்டு இல்லை என்று சான்று கொடுத்தார். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். மாமனார் வருவதற்கு முந்தைய நாள் மதியம், மூன்றாம் ஜன்னல் அம்மாள் புதிய நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றி, முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"இனிமே சட்டப்படி இது ரோட்டுல ஓடலாம். பழைய கோப்புல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. ஆவண அறையிலிருந்து எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டார். ஒரு பொய்க் கையெழுத்து இல்லை, ஒரு குறுக்கு வழி இல்லை. நாளைக்கு மாமனார் வந்து பார்க்கும்போது வண்டி அதே பச்சையில், முன்னைவிட உறுதியாக, அதே இடத்தில் நிற்கும். அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொல்லலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்தார்.

ஆவண அறைக்காரர், ரிட்டயராகும் வயது, கோப்பின் தூசியைத் தட்டியபடி வந்தார். உள்ளே இருந்த பெயரைப் பார்த்தார். அதிகாரக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடடே, அவரோட மாப்பிள்ளையா நீங்க? போன வருஷம் இதே விரிசலுக்கு மனு கொடுத்துட்டு எட்டு மாசம் நடையா நடந்தாரு சார் உங்க மாமனார். கடைசியில இந்த பெஞ்சுலயே உட்கார்ந்து, 'இனி என்னால ஆகாதுப்பா, சின்னப் பொண்ணுக்குக் கோபமே வராத ஒரு பையனைத்தான் பார்க்கணும்'னு சொல்லிட்டுப் போனாரு!"