சுபைதாவை வேபிரிட்ஜில் ஏற்றிய விபரம்

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.

கட்டாரில் இருக்கும் அன்பு மச்சான் முனீப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். சுகம் என்றுதான் டொக்டரம்மாவும் சொல்கிறார், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. போனில் கதைத்தால் என் மனைவிக்குக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் அவளைப் பற்றியதுதான், உங்கள் ராத்தா சுபைதா. போன இடமெல்லாம் முதலில் தராசில் ஏற்றி, வரிசையில் நிற்கிற சனத்துக்கும் கேட்க நிறையைக் கத்திச் சொன்னதால் அவள் வருஷக்கணக்காகக் கிளினிக் வாசலை மிதிக்கவில்லை. இப்போது வந்திருக்கிற டொக்டரம்மா வேறு மாதிரி. "நிறையை விடுங்க. நடங்க, நல்லாச் சாப்பிடுங்க, நேரத்துக்கு நித்திரை கொள்ளுங்க. பிரஷரையும் சீனியையும் நான் பாத்துக்கொள்றன்" என்றாராம். தராசில் ஏற்றவே இல்லை! இவளும் நடந்தாள். பிரஷர் இறங்கிவிட்டது, சீனி இறங்கிவிட்டது, கதிரையில் இருந்து தொழுதவள் நிலத்தில் தொழுகிறாள். ஆனால் மச்சான், ஆள் அதே ஆள், அபாயா அதே அபாயா! துறைமுகத்தில் லொறிகளுக்கு நிறை பார்த்தே பென்சன் எடுத்தவன் நான். நிறை பார்க்காமல் எப்படிச் சுகம் என்று கேட்டால், "நான் என்ன மா மூட்டையா?" என்கிறாள்.

ஆகவே, கடற்காற்று வாங்குவோம் என்று ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, என் பழைய கூட்டாளி நௌபர் இருக்கிற வேபிரிட்ஜுக்கே, லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கிற மேடைக்கே, ஓட்டிக்கொண்டு போனேன். சாமானோடு ஒருக்கா, சாமானை இறக்கி ஒருக்கா, கழித்தால் சாமானின் நிறை. லொறிக்கு அதுதானே முறை? சுபைதாவோடு ஒருக்கா நிறுத்தாச்சு. பிறகு "இறங்கு, நௌபருக்கு ஸலாம் சொல்லுவம்" எண்டு அவளை இறக்கிப்போட்டு, நானும் குதிச்சு ஓடிப்போய் இலக்கத்தைப் பாத்துக் கழிச்சா, யா அல்லாஹ், எனக்குத் தலை சுத்திட்டுது! ஒரு மனிசிக்கு இவ்வளவு நிறை இருக்குமா? "டொக்டரம்மா ஏமாத்திப்போட்டா!" எண்டு கத்தினன். நௌபர் முழிக்கிறான், பின்னால லொறிக்காரன் ஹோன் அடிக்கிறான், சுபைதாவுக்கு எல்லாம் விளங்கிப்போச்சு.

அண்டைக்குப் பிறகு என்னோட கதைக்கிறாளில்லை. நடக்கவும் போறாளில்லை, கிளினிக்கும் வேணாமாம். "இனி ஆருக்கு முன்னாலயும் நான் நிறைக்கு நிக்கமாட்டன்" எண்டு அழுதாள் மச்சான். திரும்பவும் பிரஷர் ஏறி விழுந்தாளெண்டா நான் என்ன செய்வன்? எனக்குப் பயமா இருக்கு. நீங்களாவது அவளைப் போகச் சொல்லுங்கோ. அந்த நிறையை என்ன செய்யிறதெண்டும் சொல்லுங்கோ.

உங்கள் வீட்டில் ரஹ்மத்தும் பரக்கத்தும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
ஜெமீல்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக நௌபர் வந்தான். "மடையா, ரெண்டாம் தரம் நிறுக்கேக்க நீயும்தானே இறங்கின? உன்ட நிறையையும் அவட தலையில போட்டிருக்காய்" என்கிறான். ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். சுபைதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாளைக்குக் கிளினிக்குக்குப் போகிறாளாம். ஆனால் இந்தக் குழப்பத்தில் எனக்கு நெஞ்சுப் படபடப்பு நிற்கவில்லை, நானும் வந்து பிரஷர் பார்க்க வேண்டுமாம். டொக்டர் என்றாலே எனக்கு நடுக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "பயப்படாம வாங்க. அங்க நிறுக்க மாட்டாங்க."