உருளைக்கிழங்கு மூட்டையும் உங்கள் தங்கையின் புதுச் சிநேகிதமும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், அக்காவின் முழங்கால் வலி இப்போது அவர் சொல் கேட்டு நடக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் தங்கை மட்டும்தான் நலம். கல்யாணமான நாளிலிருந்து அவளை இவ்வளவு நலமாக நான் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி முறையிடத்தான் இந்தக் கடிதம்.

தங்களுக்குத் தெரியும், நான் வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் குறித்தவன். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு மீட்டர் இல்லாததால் வீட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். சின்னப் பாத்திரத்துக்கு அடியில் பெரிய தீ எரிகிறது. ஆளில்லாத குளியலறையில் விளக்கு எரிகிறது. விலைவாசி இப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஒரு நாள் காலையில் உங்கள் தங்கை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது, நல்ல எண்ணத்தில்தான், "தோலோட பாதிக் கிழங்கும் சேந்து போகுதே" என்று சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபமாக வைத்திருந்தால் எனக்குப் பயமில்லை. ரொம்ப மெதுவாக வைத்தாள். "இனிமே கடைக்கும் நீங்களே போங்க, அடுப்பையும் நீங்களே பாத்துக்கங்க. சிக்கனம்னா என்னன்னு நான் உக்காந்து கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான் அசரவில்லை. தெருமுனைக் கடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதால்தான் பணம் கரைகிறது, மொத்தச் சந்தையில் மூட்டையாக வாங்கினால் விலை பாதிதான் என்று கணக்குப் போட்டு, நேராக அங்கே போய் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கிவிட்டேன். மூட்டை தூக்குகிறவர், "கடை வெக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டார். "இல்லப்பா, வீட்டுக்குத்தான்." "வீட்டுல எத்தனை பேரு?" "ரெண்டு பேர்." அவர் மூட்டையை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தார், அவ்வளவுதான். தூக்குக் கூலி ஒரு பக்கம், ஆட்டோக்காரர் மூட்டைக்கும் தனியாக ஒரு ஆள் கட்டணம் கேட்டது ஒரு பக்கம். வீட்டு வாசலில் வந்து இறங்கினால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மீதமான காசெல்லாம் வழியிலேயே போய்விட்டது என்பதை நான் இன்னும் உங்கள் தங்கையிடம் சொல்லவில்லை, தாங்களும் சொல்ல வேண்டாம். மூட்டையை அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற்றி, எங்கள் மாடிக்கு முந்தின திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது மூட்டையின் தையல் விட்டது. பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓடுவார்களே, அப்படி ஓடின கிழங்குகள். அதிலும் ஒழுங்காகப் படியில் நிற்காமல், திறந்திருந்த கீழ்வீட்டுக் கதவுக்குள் கும்பலாக நுழைந்துவிட்டன.

கீழ்வீடு என்றால் யார் வீடு? டீச்சர் வீடு. தாங்கள் போன முறை வந்திருந்தபோது, "அந்த வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்கண்ணா" என்று உங்கள் தங்கை எச்சரித்தாளே, அதே வீடு. எங்கள் பால்கனியில் காயப்போட்ட துணியிலிருந்து சொட்டிய தண்ணீர், கீழ்ப் பால்கனியில் டீச்சர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களின் மேல் விழுந்து, வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையின் பதிலெல்லாம் கரைந்து போனதாக அவர் கத்த, "துணின்னா சொட்டத்தான் செய்யும், தாளை உள்ள வெச்சுத் திருத்துறது" என்று இவள் கத்த, அன்றைக்கு நின்ற பேச்சு பல வருஷங்களாக அப்படியே நின்றுகொண்டிருந்தது. படியில் எதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட வாசலில் போய் நான் நின்று, "டீச்சர், என் கிழங்கு..." என்று இழுத்தேன்.

"உள்ள வாங்க சார். எல்லாம் என் கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்கிச்சு. எனக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியாது."

குனிந்தேன், மச்சான். எதிரியின் கட்டிலுக்கு அடியில் மல்லாந்தும் குப்புறவும் ஊர்ந்து கிழங்கு பொறுக்கினேன். தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தபோது அடுப்பில் ஏதோ கொதிக்கிற வாசனை. நான் முதலில் பொறுக்கி நீட்டிய சில கிழங்குகளை வெங்காயத்தோடு வேகவைத்து, மசித்து, கொஞ்சம் பாலும் மிளகும் போட்டு ஒரு சூப் வைத்திருந்தார். "உங்க கிழங்குதான் சார், தப்பா நினைக்காதீங்க" என்று ஒரு கிண்ணம் நீட்டினார். கிழங்கு என்னுடையது, விடலாமா? குடித்தேன். அசந்துவிட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை. "டீச்சர், இப்படி ஒரு சூப்பு என் ஜென்மத்துல நான் குடிச்சதில்ல!"

"ஜென்மத்துலயா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

உங்கள் தங்கை நின்றிருந்தாள். படியில் ஏதோ உருண்ட சத்தம் கேட்டு வெகுநேரமாகியும் நான் மேலே வராததால், நான்தான் விழுந்துவிட்டேன் என்று பதறி, செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. "மண்டை உடைஞ்சு கெடக்கீங்களோன்னு வந்தேன். நீங்க கிண்ணத்தை வழிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கரண்டியைக் கையில் எடுத்தாள். "எங்க போற?" என்றேன். "கீழ. அந்த ஜென்மத்துல குடிக்காத சூப்பை எப்படி வெக்கிறாங்கன்னு கேட்டுட்டு வர்றேன்" என்று இறங்கிப் போனாள். இன்றைக்குக் கட்டடமே இரண்டுபடப்போகிறது என்று நான் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டேன். முதலில் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பிறகு கேட்டது பாருங்கள், சிரிப்பு! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மத்தியானம் மேலே வந்தவள், "பாவம், நல்ல மனுஷிங்க. அன்னைக்குத் துணியைப் பிழியாம கொடியில போட்டது யாருன்னு ரெண்டு பேருமா உக்காந்து யோசிச்சுப் பாத்தோம். நீங்கதான்" என்றாள். மச்சான், என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

இப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. ரொட்டியும் முட்டையும் சூப்பும் கீழே, சாப்பாட்டு மேஜை மேலே. காஸ் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது. எளிய சாப்பாடு உடம்புக்கும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கிழங்கு தோல் சீவுகிற வேலை எனக்கு. டீச்சர் வந்து தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னும் கவனம் வேணும் சார்" என்கிறார். முன்பெல்லாம் உங்கள் தங்கையிடம் நான் ஒரு கருத்துச் சொன்னால் அவள் ஒருத்தியிடம்தான் திட்டு வாங்க வேண்டும். இப்போது எதைச் சொன்னாலும், "டீச்சர் அப்படிச் சொல்லலையே" என்கிறாள். டீச்சர் சொன்னார் என்று டீயில் சர்க்கரை நின்றது. டீச்சர் சொன்னார் என்று காலையில் நடக்கிறேன். சாயங்காலம் இருவரும் பால்கனியில் உட்கார்ந்து பால் விலை, வாடகை, ஊர் நிலவரம் எல்லாம் அலசிவிட்டுக் கடைசியில் என்னிடம் வருகிறார்கள். உள்ளே உட்கார்ந்து என்னைப் பற்றி நானே ஒட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகையால் தங்களிடம் ஒரு சிறிய உதவி. தாங்கள் கல்வி அலுவலகத்தில் இருந்தவர். அங்கே இன்றைக்கும் தங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கித் தர முடியுமா? எனக்கு அவர் மேல் வன்மம் எதுவும் இல்லை. பதவி உயர்வோடு, நல்ல காற்றோட்டமான ஊராகப் பார்த்து அனுப்பட்டும். லீவு நாளில் வந்துவிட்டுப் போக முடியாத தூரமாக இருந்தால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். தங்கள் குடும்பம் குறைவில்லாமல் இருக்கவும், தங்கள் அடுப்பில் தங்கள் சொல் ஓரளவாவது செல்லவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பை மறவாத
மீட்டர்க்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்ட வீட்டில் பசை இல்லை. டீச்சரிடம் கேட்கலாம் என்று கீழே போனேன். அங்கே உங்கள் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் கையில் மாற்றல் உத்தரவு. நான் எதுவும் செய்யாமலே வந்துவிட்டது, மச்சான். சண்டை மும்முரமாக இருந்த காலத்தில், மேல்வீட்டு முகத்தில் விழிக்காமல் இருந்தால் போதும், எந்த ஊராக இருந்தாலும் சரி என்று அவரே எழுதிப் போட்டாராம். இப்போதுதான் கிடைத்திருக்கிறது. "எங்க போய்க் கெடப்பேன் நான், தனியா?" என்று கேட்கிறார். நானும் பசை கேட்க வந்ததையே மறந்து நின்றேன். உங்கள் தங்கை, "எங்க அண்ணனுக்கு ஆபீஸ்ல எல்லாரையும் தெரியும். இவரை உடனே எழுதச் சொல்றேன்" என்றாள். என் கையிலிருந்த உறையைப் பார்த்துவிட்டு டீச்சர், "அதுக்குள்ள எழுதியே கொண்டுவந்துட்டீங்களா சார்?" என்று கேட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்வேன்? ஒரு வரி விட்டுப்போச்சு என்று சொல்லி, அவர் மேஜையிலேயே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து மேலே மாற்றல் வேண்டும் என்று எழுதியதை, மாற்றல் கூடவே கூடாது என்று படித்துக்கொண்டு, இன்றைக்கே போய் அதிகாரியைப் பாருங்கள். காலில் விழ வேண்டியிருந்தால் என் சார்பில் விழுங்கள். கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். பசையோடு பக்கத்தில் நிற்கிற டீச்சர், "ஒரு வரின்னீங்க, பக்கமே முடிஞ்சிருச்சு. எல்லாம் எனக்காகவா சார்?" என்று கேட்கிறார். "ஆமா டீச்சர்" என்றேன். இந்தக் கடைசிப் பக்கத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.